தூக்கத்துக்கு எத்தனை சதவீதம்?

கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. காது அறவே கேட்காமல் போனால் 100. முகம் மிக மோசமாகச் சிதைந்தாலும் அதே 100. தொழிலாளர் இழப்பீட்டுக்கென்று 1923-ல் வந்த சட்டத்தின் அட்டவணை இது. கூலிக்காரன் உடம்பை அனுபவசாலியான கசாப்புக்காரரின் நிதானத்தோடு எலும்பு எலும்பாக, கணு கணுவாக விலைபோட்டு வைத்திருக்கிறார்கள். ஒரே விரலில் ஒரு கணு போனால் என்ன, இரண்டு கணு போனால் என்ன என்பதற்குக்கூடத் தனித்தனிக் கணக்கு உண்டு. சோம்பேறித்தனம் என்று யாரும் குறை சொல்ல முடியாது.

தூக்கம் போனால் எத்தனை சதவீதம்? அட்டவணையை மேலிருந்து கீழாகப் படியுங்கள், கீழிருந்து மேலாகவும் படியுங்கள். அந்த உறுப்பு அதில் இல்லை. அட்டவணைக்குள் அடங்காத காயம் என்றால் தகுதியுள்ள மருத்துவரிடம் சான்று வாங்கிக்கொண்டு வரலாம் என்று பின்பக்கம் ஒரு கதவும் திறந்திருக்கிறது. ராத்திரி தூங்க முடியவில்லை என்று சான்று வாங்கிக்கொண்டு அந்தக் கதவைத் தட்டிய வெடித் தொழிலாளி யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள், மாலை வாங்கி வைக்கிறேன்.

2023 அக்டோபர் 9 அன்று அரியலூர் மாவட்டம் விரகாலூரில் நாட்டுவெடி தயாரித்த கூடம் வெடித்துச் சிதறியது. தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஆர்டர் குவிகிற பருவம். காலையில் வேலைக்குப் போனவர்களில் பத்துப் பேரளவில் பிணமாகத் திரும்பினார்கள். அரசு உடனே விழித்துக்கொண்டது. இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம், பலத்த காயத்துக்கு 1 லட்சம், லேசான காயத்துக்கு 50 ஆயிரம் என்று வழக்கமான விகிதத்தில் அறிவிப்பு வந்தது. விகிதம் மனப்பாடமாகி இருந்ததில் வியப்பில்லை. அதே ஆண்டு மார்ச்சில் காஞ்சிபுரம் குருவிமலையில் வெடித்திருந்தது. ஜூலையில் கிருஷ்ணகிரியில் வெடித்திருந்தது. இரண்டு நாளைக்கு முன்னால்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடையில் நம் ஊர்ப் பிள்ளைகள் கருகியிருந்தார்கள். விரகாலூருக்கு எட்டு நாள் கழித்து விருதுநகர் மாவட்டத்தில் மறுபடியும் வெடித்தது. இத்தனை முறை பயிற்சி எடுத்த கை, தேதியை மட்டும் மாற்றி ஆணை எழுதப் பழகியிருக்கும். ஆணை எழுதியாயிற்று, கையெழுத்தும் ஆயிற்று. அன்று இரவு அரசு தூங்கப் போயிற்று. கடமையைச் செய்து முடித்தவருக்கே வரும் அந்த அசல் தூக்கம்.

அப்படி ஒரு வெடி வெடிக்கும்போது பத்திருபது அடி தள்ளி நின்ற ஒருத்தியை நினைத்துப்பாருங்கள். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போனவள் என்று வைத்துக்கொள்வோம். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து திரி சுற்றிக்கொண்டிருந்தவளின் சேலைத் துணியை வைத்து அடையாளம் சொன்னவள் அவள்தான். அரசாங்கப் பட்டியலில் இவளுக்கு இடம் எங்கே? இறக்கவில்லை. பலத்த காயம் இல்லை. லேசான காயம்கூட இல்லை. ஆகவே இவளுக்கு எதுவும் நடக்கவில்லை.

எதுவும் நடக்காத அவள் ராத்திரி இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். பக்கத்து வீட்டில் யாராவது குக்கர் வைத்தால், மூன்றாவது விசிலுக்குள் தெருவுக்கு ஓடி வந்துவிடுகிறாள். "பயந்திருக்கா, பாடம் போட்டா சரியாயிரும்" என்கிறார்கள். பாடம் போடுகிறார்கள். தாயத்துக் கட்டுகிறார்கள். தண்ணீர் ஓதிக் கொடுக்கிறார்கள். இவர்களையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: தாயத்துக் கட்டுகிறவராவது "எப்போலேருந்தும்மா தூக்கம் இல்ல?" என்று கேட்கிறார். நாம் ஏற்படுத்தி வைத்திருக்கிற புறநோயாளிப் பிரிவு வரிசையில் உரையாடல் எப்படிப் போகும் என்று கற்பனை செய்து பாருங்கள்.

"என்னம்மா?"

"தூக்கம் வரலீங்க சார்."

"வயசு?"

"நாப்பத்திரண்டுங்க."

"இந்த வயசுல அப்படித்தான். டென்ஷன் ஆகாதே. பி.பி. பாத்துக்கோ. அடுத்தது யாரு?"

ஒரு நிமிடம்கூட ஆகாது. மருத்துவரையும் திட்ட மனம் வரவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் நூறு பேர் நிற்கிறார்கள், அவரே எத்தனை ராத்திரி தூங்காதவரோ.

விரகாலூர் வெடித்த மறுநாள் என்ன நாள் தெரியுமா? அக்டோபர் 10, உலக மனநல நாள். நாடெங்கும் அலுவலகங்களில் வரிசையாக நின்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்து, பேனர் பிடித்து, படம் எடுத்துக்கொள்கிற நாள். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு அதே தேதியில்தான் மனநலத்துக்கென்று 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணை மத்திய அரசு தொடங்கியிருந்தது. விதிக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. எப்போதும் அதைக் கீழே இருப்பவர்கள் செலவில்தான் காட்டும்.

சரி, தூக்கம் வராவிட்டால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கிற மேதாவிகளுக்காகக் கொஞ்சம் மூளைக்குள் போய்வருவோம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் என்று அவளைப் பிடித்திருக்கும் நோய்க்குப் பெயர். ஆங்கில எழுத்துகளில் பி.டி.எஸ்.டி. என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980-ல்தான் இதைத் தன் கையேட்டில் ஏற்றியது. இதில் விழுந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தூக்கம் கெட்டிருக்கும். நோயோடு வருகிற பத்துத் தொல்லைகளில் அதுவும் ஒன்று என்றுதான் நெடுங்காலம் நினைத்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் சொல்வது வேறு: நோயை ஆறவிடாமல் கிளறிக்கொண்டே இருப்பதில் தூக்கக் கேட்டுக்குப் பெரும்பங்கு இருக்கிறது. கனவு வரும் கட்டத்தில் மூளை பகலில் பட்டதையெல்லாம் எடுத்துப் பார்த்து, நினைவை வைத்துக்கொண்டு அதிலிருக்கும் சூட்டைத் தணிக்கும் வேலையைச் செய்கிறது என்று கருதுகிறார்கள். அந்த நேரத்தில் பதற்றத்தை ஊட்டும் நோராட்ரினலின் என்ற ரசாயனம் மூளையில் அடங்கியிருக்க வேண்டும். அதிர்ச்சியில் சிக்கியவருக்கு அது அடங்குவதில்லை. கனவு பாதியில் வெடிக்கிறது, ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், தணிய வேண்டிய சூடு தணியாமல் அப்படியே மறுநாளுக்குப் போகிறது. மறுநாளும் அதே கதை.

இன்னொன்றும் இருக்கிறது. பயத்தை எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி, ஒரே ஒரு இரவு தூங்காத ஆரோக்கியமான இளைஞர்களுக்கே 60 சதவீதம் கூடுதலாகத் துள்ளியதாக 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நல்ல உடம்பும் நல்ல சாப்பாடும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரியில் இந்தக் கதி. மாதக்கணக்கில் தூங்காமல், கண்ணெதிரே பத்துப் பேர் கருகியதைப் பார்த்தவள் குக்கர் விசிலுக்கு ஓடினால் அவளைப் பார்த்து "நடிக்கிறா" என்று சொல்ல நமக்கு வாய் கூசவில்லை.

வேடிக்கையின் உச்சம் இனிமேல்தான். விபத்துக்கு முன்பே தூக்கம் கெட்டுப்போயிருந்தவர்களை இந்த நோய் எளிதில் பிடிக்கிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை அரசும் ஆலைகளும் சேர்ந்து எவ்வளவு அருமையாக உழுது, எருப்போட்டுத் தயார் செய்து வைத்திருக்கின்றன என்று பாராட்ட வேண்டும். பத்துக் கோடி ஆண்டுக்கு முன்னே கடலாக இருந்த மண் இது. கிளிஞ்சலும் நத்தையும் படிந்து சுண்ணாம்புக் கல்லாயிற்று. அந்தச் சுண்ணாம்புக்காக ரெட்டிபாளையம், ஆலத்தியூர், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று எங்கே திரும்பினாலும் சிமெண்ட் ஆலை. சென்னையில் நீங்கள் படுத்துத் தூங்கும் அடுக்குமாடி இந்த ஊர்க்காரர்கள் தூங்காத ராத்திரிகளில் கலந்த சிமெண்டாக இருக்கலாம். ஷிப்டு மாறி மாறி வருகிறது. கல் லாரி ராத்திரியெல்லாம் போகிறது. அந்த லாரியை ஓட்டுகிறவரும் தூங்காதவர்தான். அவர் கண் அசந்த ஒரு நொடியில் யார் வீட்டிலோ ஒரு பைக் திரும்பி வராமல் போகிறது, அந்த வீட்டில் இன்னும் நான்கு பேர் தூங்காதவர்களாகிறார்கள். உற்பத்தி பெருகுகிறது.

சுரங்கத்தில் வெடி வைப்பதற்கும் விதி இருக்கிறது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை அதிர்வுக்கு வரம்பு கட்டியிருக்கிறது: குறைந்த அதிர்வெண்ணில் குடியிருப்பு வீடு என்றால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடம் என்றால் 2 மில்லிமீட்டர். சுவருக்கு வரம்பு இருக்கிறது, கோபுரத்துக்கும் இருக்கிறது. உள்ளே பாயில் படுத்திருப்பவளின் நெஞ்சு விநாடிக்கு எத்தனை மில்லிமீட்டர் தாங்கும் என்று யாரும் அளக்கவில்லை. "பகல்லதானே வெடிக்கிறோம்" என்பார்கள். உண்மைதான். ராத்திரி தூங்க முடியாதவர் கொஞ்சம் கண்ணயர்வதே அந்தப் பகலில்தான் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது?

இந்த இரண்டு மாவட்டங்களிலும் தூக்கத்துக்கு முழு அரசுப் பாதுகாப்பு பெற்ற ஒரே ஜீவன், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் படுத்திருக்கும் கல்மரம். பதினெட்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு கோடி ஆண்டு உறக்கம். சுற்றி வேலி, தேசியச் சின்னம் என்று பலகை. தொடக்கூடாது, கீறக்கூடாது. கல்லாகிப் போனால்தான் நிம்மதி என்பதைத் தமிழ்நாட்டு மக்களுக்கு இதைவிடத் தெளிவாக எந்த அரசும் அறிவுறுத்த முடியாது.

வெடித்த ஊரில் மறுபடி வெடிச்சத்தம் கேட்காமலாவது பார்த்துக்கொள்கிறோமா? நம் ஊரில் கல்யாணத்துக்கு வெடி, காதுகுத்துக்கு வெடி, சாவுக்கும் வெடி. தலைவர் காரிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தால் பத்தாயிரம் வாலா. வார்டு உறுப்பினர் ஜெயித்தால் ஐயாயிரம். எதிர்க்கட்சிக்காரர் தோற்றால் அதற்குத் தனியாக. விரகாலூர்க்காரர்களுக்கு இன்னொரு கூடுதல் சலுகை: அவர்களுடைய நினைவு நாள் தீபாவளிப் பருவத்தில் வருகிறது. துயரம் நடந்த தேதி நெருங்க நெருங்கத் தூக்கம் கெடும், பழைய படமெல்லாம் திரும்ப ஓடும் என்று மனநல மருத்துவர்கள் சொல்வார்கள். அந்தத் தேதிக்குத் துணையாக ஊர் முழுக்கச் சரவெடி. காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும்தான் வெடிக்க வேண்டும் என்று அரசு ஆணை போட்டிருப்பது எனக்கும் தெரியும். அந்த ஆணையைத் தவறாமல் கடைப்பிடிக்கிற ஒரே பொருள் அந்த ஆணை அச்சான தாள்தான்.

ஒலிபெருக்கிக்கும் அப்படித்தான். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை குழாய் கட்டிப் பாடக்கூடாது. குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது. தூக்கம் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமே 2012-ல் சொல்லிவிட்டது. டெல்லி ராம்லீலா மைதானத்தில் நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் அடித்து விரட்டிய வழக்கு அது. ஆக, செந்துறைப் பக்கம் ஒரு குடிசையில் கண் விழித்துக் கிடப்பவளுக்கு அரசியலமைப்பின் 21-வது பிரிவு துணைக்கு இருக்கிறது. தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் கனமான புத்தகம்தான்.

ஆண் பிள்ளைகளுக்கு இந்தக் கவலை கிடையாது. அவர்களுக்கு அரசே தூக்க மருந்து விற்கிறது. மனநல மருத்துவர் என்றைக்கு வருவார் என்று விசாரித்துவிட்டுப் போக வேண்டும். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 வரை பேரைக்கூடக் கேட்காமல் மருந்து கொடுக்கும். 2023-24-ல் மட்டும் இந்த மருந்துக்குத் தமிழ்நாடு 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் அரசிடம் கட்டியிருக்கிறது. எந்த மருத்துவத் திட்டத்துக்கு இப்படி ஒரு வரவேற்பு உண்டு? மருந்தின் வேலையையும் சொல்லிவிடுகிறேன். சரக்கு உள்ளே போனதும் சீக்கிரம் கண் சொருகும். முதல் பாதி ராத்திரியில் கனவுக் கட்டத்தை அது அமுக்கிவைக்கும். போதை இறங்கும் பின்னிரவில், அமுக்கிவைத்த கனவெல்லாம் வட்டியோடு எழும். மூன்று மணிக்கு அலறி எழுகிறவர் மறுநாள் கூடுதலாக ஒரு குவார்ட்டர் வாங்குவார். வியாபாரத்தில் இதைத்தான் நிலையான வாடிக்கையாளர் என்பார்கள். வெடிவிபத்துக்கு அரசு 50 ஆயிரம் கொடுத்து, அதைக் குவார்ட்டர் குவார்ட்டராகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த நிதி மேலாண்மையைப் பொருளாதாரப் பாடப் புத்தகத்தில் சேர்க்கலாம். பெண்களுக்கு இந்த வசதி கிடையாது. அவர்களுக்கு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் அல்பிரசோலம் இருக்கிறது. பேரதிர்ச்சி நோய்க்கு இந்த வகை மாத்திரையைத் தராதீர்கள் என்று உலகத்து மருத்துவ வழிகாட்டிகள் பலவும் எழுதியிருப்பது கடைப் பையனுக்குத் தெரிய நியாயமில்லை.

இந்தப் பக்கத்து மண்ணுக்குப் பழைய அனுபவமும் உண்டு. 1956 நவம்பர் 22 இரவு சென்னை எழும்பூரில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஏறியவர்கள் வழக்கம்போலத் தூங்கினார்கள். நல்ல மழை. 23-ஆம் தேதி விடியுமுன் அரியலூர் தாண்டி மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பிடிமானம் இழந்திருந்தது. பெட்டிகள் ஆற்றில் விழுந்தன. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் தூக்கத்திலேயே போனார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த ஆண்டே மகபூப்நகர் விபத்துக்கு அவர் கொடுத்த விலகல் கடிதத்தை நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். துணை அமைச்சர் அழகேசனை வைத்துத் தமிழ்நாட்டில் எதுகையோடு எழுந்த முழக்கம் இன்றும் பெரியவர்கள் வாயில் இருக்கிறது. விபத்தால் தூக்கம் கெட்ட மாதிரி நடந்துகொண்ட அமைச்சர் ஒருவர் நாட்டுக்கு இருந்திருக்கிறார் என்பதற்கு அரியலூர்தான் சாட்சி. அதன்பிறகு அந்த நோய் அமைச்சர்களுக்கு அரிதாகத்தான் தொற்றியது. பொது சுகாதாரத் துறையின் மகத்தான சாதனை.

ஆற்றிலிருந்து ஏறி வந்தவர்கள்? பிணங்களைக் கரைக்கு இழுத்துப்போட்ட பக்கத்துக் கிராமத்து ஆட்கள்? அவர்கள் அதன்பிறகு எப்படித் தூங்கினார்கள் என்று கேட்க அந்தக் காலத்தில் நோய்க்கு இந்தப் பெயர்கூட இல்லை. ஆகவே 1956-ஐ மன்னித்துவிடலாம். 2007-ல் அரியலூரைத் தனி மாவட்டமாக்கித் தொடங்கி வைத்தார்கள். தேதி நவம்பர் 23. வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள், சத்தியமாக. மறந்துபோனார்கள், அவ்வளவுதான். ஒரு மாவட்டத்தின் பெருந்துக்க நாளிலேயே அதற்குப் பிறந்தநாள் கொண்டாடும் அளவுக்கு நிம்மதியாக மறக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, மறக்க முடியாமல் ராத்திரி உட்கார்ந்திருப்பவரின் கஷ்டம் எப்படிப் புரியும்?

மறக்க முடியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்: பெரம்பலூர் துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. ஹெலிகாப்டர் சத்தத்துக்கும் ராத்திரிச் சுற்றிவளைப்புக்கும் தப்பிக் கடல் கடந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் இந்த நோயைப் பற்றி எழுதினார். போர் முடிந்த கையோடு யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆய்வு நடத்தி, பி.டி.எஸ்.டி. 7 சதவீதம், பதற்ற நோய் அறிகுறிகள் 32 சதவீதத்துக்கு மேல் என்று 2011-ல் வெளியிட்டார்கள். குண்டு விழுந்த ஊரிலேயே ஆள் விட்டு எண்ண முடிந்திருக்கிறது. குண்டு விழாத நம் ஊரில், முகாமில் இருப்பவர்களை வருகைப் பதிவுக்கு எண்ணிய அக்கறையில் கால்வாசி அவர்கள் தூங்குகிறார்களா என்று கேட்பதில் இருந்திருக்கலாம்.

நான் இவ்வளவு கோபப்படுவதற்குக் காரணம், இது தீராத நோய் இல்லை. தீர்க்க முடியாதது என்றால் விதி என்று விட்டுவிடலாம். கெட்ட கனவுக்கு ஒரு சிகிச்சை இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுத வேண்டும், அல்லது சொல்ல வேண்டும். பிறகு அதன் போக்கை நாமே மாற்ற வேண்டும்: கூடம் வெடிக்கிற இடத்தில் வேறொன்று நடப்பதாக. மாற்றிய கதையைத் தினமும் பத்திருபது நிமிடம் கண்ணை மூடி மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் அமெரிக்காவில் இதைச் சோதித்து, கெட்ட கனவு குறைந்தது, தூக்கம் தேறியது, பேரதிர்ச்சி நோயின் கடுமையும் தணிந்தது என்று 2001-ல் எழுதினார்கள். தூக்கமின்மைக்கென்றே மாத்திரை இல்லாத பயிற்சி ஒன்றும் இருக்கிறது: எழும் நேரத்தை ஒரே மாதிரி வைப்பது, தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது, வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்துவிடுவது, வீண் பயங்களைப் பேசித் தீர்ப்பது. சில வாரப் பயிற்சி. பிரசோசின் என்ற பழைய ரத்த அழுத்த மாத்திரையைக் கெட்ட கனவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்குக் கேட்டது, 2018-ல் முன்னாள் படைவீரர்களிடம் நடந்த பெரிய சோதனையில் வெறும் மாத்திரையை விட மேலாக இல்லை. ஆகவே மாத்திரையை நம்பி எந்த அவசரமும் வேண்டாம். பயிற்சி பெற்ற ஓர் ஆளும், ஒரு நோட்டுப் புத்தகமும், ஒரு பேனாவும் போதும்.

அங்கேதான் சிக்கல் என்று நினைக்கிறேன். ஒரு நோட்டுக்கும் பேனாவுக்கும் என்ன டெண்டர் விடுவது? கமிஷன் எங்கே நிற்கும்? திறப்பு விழாவுக்குக் கத்தரிக்கோலால் எதை வெட்டுவது? கட்டடம் இல்லாத, கல்வெட்டு பதிக்க முடியாத சிகிச்சையை எந்த அமைச்சர் வந்து தொடங்கி வைப்பார்? ஒரு ஸ்கேன் இயந்திரம் தேவைப்படுகிற நோயாக மட்டும் இது இருந்திருந்தால் விரகாலூருக்கு எப்போதோ வந்து சேர்ந்திருக்கும்.

சட்டம் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நாட்டில் இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18-வது பிரிவில், கட்டுப்படியாகும் செலவில் பக்கத்திலேயே மனநல சிகிச்சை பெறுவது உரிமை என்கிறது. அரசுச் சேவை அந்த மாவட்டத்தில் கிடைக்காவிட்டால் வெளியே பார்த்த செலவை அரசே ஏற்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பெரம்பலூருக்கு அதுவும் வரவில்லை. ரயிலும் வராத ஊருக்குக் கல்லூரி வராததில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. ஆனால் கல்லூரி இருந்தாலும், விரகாலூரிலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சீட்டு வாங்கி உட்கார்ந்து திரும்ப ஒருநாள் கூலி போகும். விடிந்தால் மகளிர் குழுத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்பார். "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா போற?" என்று மாமியார் கேட்பார். இதையெல்லாம் தாண்டி, மாதக்கணக்காகத் தூங்காத ஒருத்தி தானாகக் கிளம்பி வரவேண்டும் என்று நாற்காலியில் காத்திருப்பதற்குப் பெயர் சேவை.

பிணத்தைத் தேடி அதிகாரிகள் கிராமத்துக்குப் போகிறார்கள். காசோலை கொடுக்க அமைச்சர்கள் போகிறார்கள். ஓட்டுக் கேட்க எல்லோரும் போகிறார்கள், சந்து பொந்து விடாமல் போகிறார்கள். "ராத்திரி தூங்குறீங்களாம்மா?" என்று கேட்க மட்டும் அவர்கள்தான் வரவேண்டுமாம்.

மாவட்ட ஆட்சியர்களே, வேலை சின்னதுதான். வெடிவிபத்து நிவாரண ஆணையில் இனி ஒரு வரி சேருங்கள்: அந்தக் கூடத்தில் அன்று வேலைக்குப் பதிவான ஒவ்வொருவரையும், பிணம் தூக்கிய ஊர்க்காரரையும், தீயணைப்பு வீரரையும், ஆம்புலன்ஸ் ஓட்டுநரையும் ஒரு வாரத்திலும், ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும், முதல் நினைவு நாளுக்கு முன்னாலும் மனநலக் குழு வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். காயம்பட்டவர் பட்டியலில் இல்லாதவரையும் பார்க்க வேண்டும். பார்த்ததற்குக் கையெழுத்து வேண்டும், தேதி வேண்டும். விரகாலூரில் இதை இன்றைக்கும் தொடங்கலாம். நாள் கடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள், அவர்களுக்குக் கடக்கவில்லை. அடுத்த காசோலை எழுதும்போது அதோடு அந்தக் குழுவையும் அனுப்புங்கள். முடியாது என்றால், அதையும் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போடுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.